லீற்றருக்கு எத்தனை?

எங்கட முற்றத்தில் நிற்கிற ஹைலக்ஸ் சிங்கிள் கப்புக்கு என்னைவிட வயது கூட. அதின்ர எஞ்சினுக்கு ‘த்ரீ எல்’ என்று பெயர். மூன்று லீற்றர் எஞ்சின் என்றுதான் நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் பெயர்தான், உள்ளே இருப்பது 2,779 சிசி. டேர்போ இல்லை, கம்பியூட்டர் இல்லை. ஒரு டீசல் பம்ப், நாலு நொசில், அவ்வளவுதான். அப்பா அதில் வவுனியாவிலிருந்து தம்புள்ளைக்குப் பப்பாப்பழமும் கத்தரிக்காயும் பூசணியும் ஏற்றுவார். திரும்பி வரும்போது கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. சில நாள் வெறும் வண்டி.

2022 ஓகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் கியூ ஆர் இல்லாமல் செட்டில் எண்ணெய் இல்லை என்றானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. எங்கட வாகனம் பதிவுப் புத்தகத்தில் மோட்டார் லொறி. ஆகவே கிழமைக்கு 50 லீற்றர். “உங்களுக்கென்ன, அம்பது லீற்றர்!” என்று ஒழுங்கையில் கேட்காத ஆள் இல்லை. ஆனால் எங்களுக்கு ஒரு நடைக்கு 30 லீற்றர் வேணும். ஒரு நடை போய் வந்தால் மிச்சம் 20. அந்த இருபதை வைத்துக்கொண்டு தம்புள்ளைக்குப் போகலாம், திரும்பி வர ஏலாது.

ஒரு நடையில் டீசல் காசும் கூலியும் போக மிஞ்சுவது வீட்டுச் சாமானுக்குக் காணும். கடன் கட்ட இரண்டாவது நடை வேணும். எங்கட வீட்டுக் கணக்கு அந்த நாட்களில் இவ்வளவுதான்: 50 லீற்றரில் இரண்டு நடை ஓடுமா, ஓடாதா?

எனக்கு அப்போது கம்பஸ் ஒன்லைனில் நடந்துகொண்டிருந்தது. அதாவது கரண்ட் இருந்தால் நடந்தது. ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன்.

“அப்பா, எங்கட வாகனம் லீற்றருக்கு எத்தனை ஓடும்?”

“பத்து ஓடும்.”

“ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லோணும்? முப்பது வருசமா ஓடுறன்.”

பத்து ஓடினால் போய்வர 22 லீற்றர் காணுமே, ஏன் 30 போகுது என்று நான் கேட்கவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து முன் சீற்றில் போட்டேன்.

அளக்கிற முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆரும் செய்வதில்லை. தாங்கியை வாய் வரை நிரப்பு, மீற்றரை எழுது, ஓடு, திரும்பி வந்து மறுபடி வாய் வரை நிரப்பு. இரண்டாம் தரம் ஊற்றின லீற்றரால் ஓடின தூரத்தைப் பிரி. அதே செட், அதே பம்ப், வண்டி ஒரு பக்கம் சரியாமல் நிற்கிற அதே இடம். முதல் தரம் வாய் வரை நிரப்ப அந்தக் கிழமைக் கோட்டாவில் முக்கால்வாசி போய்விட்டது. ஒரு லீற்றர் 430 ரூபா விற்ற நேரம். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

முதல் கணக்கு: 218 கிலோமீற்றர், 29.9 லீற்றர். லீற்றருக்கு 7.3.

அப்பா நம்பவில்லை. “மீற்றர் பிழை” என்றார். நான் அதை ஒரு சாட்டு என்றுதான் எடுத்தேன், ஆனால் அடுத்த நடை ஏ9 கரையில் இருக்கிற கிலோமீற்றர் கட்டைகளை எண்ணிக்கொண்டு போனேன். ஐம்பது கட்டை தாண்ட மீற்றர் 48 காட்டியது. அப்பா சொன்னது சரி. முன்னொரு காலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று பின்னுக்குப் பெரிய ரயர் போட்டிருக்கிறார்கள். மீற்றர் சில்லு எத்தனை தரம் சுத்துது என்றுதான் எண்ணும், ரயரின் அளவு அதற்குத் தெரியாது. பெரிய ரயர் ஒரு சுத்தில் கூடத் தூரம் போகும், மீற்றர் குறைத்துச் சொல்லும். ஆகவே 218 இல்லை, உண்மையில் 227. லீற்றருக்கு 7.6. ஒரு சதமும் செலவழிக்காமல் முதலாவது முன்னேற்றம் கிடைத்தது, கொப்பியில் மட்டும்.

அதுக்குப் பிறகு தேடத் தொடங்கினோம். எண்ணெய் எங்கே போகுது?

முதலில் காற்று. வவுனியாவிலிருந்து வெளிக்கிட முதல், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பார்த்தால் பின் ரயர் ஒன்று 26 இல் நிற்குது, மற்றது 31. ஒரு தொன்னுக்கு மேல் பாரம் ஏற்றுகிற வண்டிக்கு அது காணவே காணாது. கதவுப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டை வெயிலில் வெளிறிப் போய்விட்டது, ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கிற உச்ச அளவைப் பார்த்து, அதைத் தாண்டாமல் 45 அடித்தோம். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுத்திலும் நசிந்து நிமிரும். அந்த நசிவுக்குப் போகிற சக்தி சூடாகத்தான் முடியும். அந்தச் சூட்டுக்கும் நாங்கள்தான் 430 ரூபா கட்டுகிறோம்.

அடுத்தது மெக்கானிக் அண்ணை சொல்லித் தந்த வேலை. கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருள விட்டு நிற்பாட்டி, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டவும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னார். தொட வேண்டாம், கிட்டக் கொண்டுபோனாலே தெரியும். மூன்று சில்லு வெதுவெதுப்பு. இடது பின் சில்லு சுட்டது. ஹான்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, விட்ட பிறகும் முழுசாக விடாமல் டிரம்முக்குள்ளே சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்குது. எவ்வளவு காலமாக? அப்பாவுக்கும் தெரியாது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே தம்புள்ளைக்கு எத்தனை தரம் போய் வந்தோமோ.

கேபிளைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் போட்டு மாட்டினது 1,500 ரூபா. அடுத்த நடை 27.7 லீற்றர். லீற்றருக்கு 8.2.

அன்றைக்குத்தான் அப்பா முதல்தரம் கொப்பியை வாங்கித் தானே பார்த்தார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

பிறகு வந்தது கஷ்டமான பகுதி, வேகம். ஹைலக்சின் பின்பெட்டிக்கு மேலே கப்பைவிட உயரமாகத் தட்டி அடித்திருக்கு. அதுக்கு மேலே தறப்பாள். தறப்பாள் எப்படிப் படபடக்கும் என்று வன்னியில் ஆருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் படபடப்பும் எண்ணெய்தான். காற்று எதிர்க்கிற விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: 60 இல் போகிற வண்டி 80 இல் போனால் வேகம் மூன்றிலொன்றுதான் கூடுது, காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்காகுது. கார் என்றால் காற்றை வெட்டிக்கொண்டு போகும், எங்கட வண்டி தட்டியோடு ஒரு அலுமாரியைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி.

“அறுபதில போங்கோ அப்பா.”

“அறுபதில போனா விடிஞ்சு போகும். விடிஞ்சா விலை விழுந்திடும்.”

அதுவும் உண்மை. தம்புள்ளையில் பிந்தி வருகிற பப்பாப்பழத்தை ஆரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். கணக்குப் பார்த்தால் நூற்றைந்து கிலோமீற்றரில் வித்தியாசம் அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டால் சரி. நான் இதை இலேசாகச் சொல்லிவிட்டேன். இரண்டு மணிக்கு எழும்பினவர் ஒன்றரைக்கு எழும்பத் தொடங்கினார். எண்ணெய் மிச்சம் பிடிப்பது பற்றி எழுதுகிறவர்கள் ‘மெதுவாக ஓட்டுங்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த அரை மணித்தியாலம் ஆரோ ஒருவரின் நித்திரையிலிருந்துதான் வருகிறது.

தறப்பாளை இழுத்துக் கட்டினோம். வெறும் வண்டியாய்த் திரும்பும்போது தட்டியைக் கழற்றிப் படுக்கப் போட்டோம். வரிசையில் எஞ்சினை நிற்பாட்டச் சொன்னால் அப்பா மாட்டார். ஏனென்று இரண்டு கிழமைக்குப் பிறகுதான் சொன்னார்: பற்றரி சரியில்லை, நிற்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் வராதோ என்று பயம். இந்த எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டனுக்கு மேலே தெளிக்கிறதில்லை, பக்கத்தில் உள்ள ஒரு சின்ன அறைக்குள்ளேதான் முதலில் தெளிக்கும். அந்த அறையைச் சூடாக்க நாலு ஹீற்றர் பிளக் இருக்கு. அதில் இரண்டு செத்துப்போய்க் கிடந்தது. இரண்டையும் மாற்றி, பற்றரி முனைகளைச் சுடுதண்ணி ஊற்றித் துடைத்த பிறகு அவர் துணிந்து நிற்பாட்டத் தொடங்கினார். நான் அதுவரை அவரின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பழக்கமே இல்லை.

செப்டெம்பர் நடுப்பகுதியில் கொப்பி சொன்னது: 25.5 லீற்றர், லீற்றருக்கு 8.9.

இரவுச் சாப்பாட்டு நேரம் நான் பெருமையாகக் கணக்கு வாசித்தேன். “ரெண்டு நடைக்கு 51. தோட்டம் தோட்டமாப் போய் ஏத்த ஒரு நாலு. மொத்தம் 55. இன்னும் அஞ்சு லீற்றர்தான் அப்பா. அஞ்சே அஞ்சு லீற்றர் பிடிச்சிட்டமெண்டால் ரெண்டு நடை ஓடலாம்.”

தாங்கியில் கிடந்ததைக் கரைத்து இரண்டு மூன்று கிழமை சமாளிக்கலாம், அதுக்குப் பிறகு முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார்.

அந்தக் கிழமைதான் காந்தம் வந்தது. டீசல் குழாயில் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற மாதிரி இரண்டு காந்தக் கட்டி. 4,500 ரூபா. எண்ணெயின் மூலக்கூறுகளை ‘ஒழுங்குபடுத்தி’ நூற்றுக்கு இருபது மிச்சம் பிடிக்குமாம். விற்றவன் வீடியோ எல்லாம் காட்டியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டீசல் காந்தத்துக்கு இழுபடுகிற பொருளா? அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்படியான எண்ணெய் மிச்சம் பிடிக்கும் கருவிகள் நூற்றுக்கு மேல் சோதித்து, மிகச் சிலவற்றில் மட்டும், அதுவும் சின்னப் பலன்தான் கண்டது என்று போனில் எடுத்துக் காட்டினேன். அப்பா சொன்னார், “பூட்டித்தான் பாப்பமே.”

பூட்டினோம். அடுத்த நடை: 20.5 லீற்றர். லீற்றருக்கு 11.1.

மூன்று தரம் பிரித்துப் பார்த்தேன். 11.1. எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. அப்பாவும் பேசவில்லை, அது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பஸ் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘நான் காந்தத்தை நம்பாத ஆள், ஆனால் எங்கட வண்டியில் வேலை செய்யுது’ என்று கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்தும் போட்டேன். இரண்டு பேர் எங்கே வாங்கினது என்று கேட்டார்கள். நான் சொல்லியும் விட்டேன். இதை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கு.

உண்மையை அடுப்படிதான் காட்டித் தந்தது. காஸ் சிலிண்டர் கிடைக்காத நாளிலிருந்து அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில்தான் சமைத்தா. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. 87 ரூபா விற்றது ஓகஸ்ட் 22ஆம் திகதி ஒரே அடியில் 340 ஆனது. அம்மா ஒரு கானும் அம்மம்மா ஒரு கானுமாக இரண்டு பேரும் போய் நின்று வாங்கி வருவார்கள். அன்றைக்கு நான் தேத்தண்ணி வைக்கப் போனால் அடுப்பில் எண்ணெய் இல்லை. மூலையில் கிடந்த ஐந்து லீற்றர் கானைத் தூக்கினால் பாரமில்லை.

“அம்மா, போன கிழமைதானே வாங்கினனீங்கள்?”

அம்மா பதில் சொல்லவில்லை. முற்றத்துப் பக்கம் பார்த்தா.

நான் போய் ஹைலக்சின் தாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். டீசலுக்குள்ளே மண்ணெண்ணெயின் அந்தக் கூர்மையான மணம். ஐந்து லீற்றர் அவர் வழியில் ஊற்றியிருக்கிறார், கொப்பியில் எழுதவில்லை. செட்டில் ஊற்றினது மட்டும்தான் என் கணக்கில் வந்திருக்குது. 20.5 இல்லை, 25.5. லீற்றருக்கு அதே 8.9. காந்தம் நூற்றுக்குப் பூச்சியம்.

சண்டை வந்தது. எங்கட வீட்டில் சண்டை என்றால் ஆரும் கத்துவதில்லை, ஒவ்வொருவராகப் பேசுவோம், அதுதான் மோசம்.

அப்பா சொன்னார், மே மாதத்திலிருந்தே இடைக்கிடை ஊற்றுகிறாராம். “நாங்கள் என்ன, மண்ணெண்ணெயைக் காணாத ஆக்களே? தடை இருந்த காலம் வடக்கில ஓடினதெல்லாம் என்னத்தில ஓடினது? பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில்தானே ஓடினம். ஆஸ்பத்திரிக்கு ஆக்களைக் கொண்டு போனனாங்கள். அதில என்ன எஞ்சின் செத்தது?”

அது பொய்யில்லை. 90களில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த எந்த வீட்டிலும் அந்தக் கதை இருக்கும். பெற்றோல் போத்தல், கார்பரேட்டருக்குள் ஊதிவிடுகிற குழாய், பின்னால் எழும்புகிற வெள்ளைப் புகை. அப்பா அப்போது ஒரு கராஜில் கையாளாக நின்ற பொடியன். அந்த அறிவு எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்குது. அதைப் பிழை என்று நான் எந்த வாயால் சொல்வது?

ஆனால் அது பெற்றோல் எஞ்சின். அங்கே மண்ணெண்ணெய் ஆவியாகி எரிந்தால் காணும், வழியில் அது உராய்கிற இடம் ஒன்றும் பெரிதாக இல்லை. டீசல் பம்ப் வேறு. அதுக்குள்ளே அசைகிற பாகங்களுக்கு இடையில் மயிரிழையைவிடச் சின்ன இடைவெளிதான். அவற்றுக்குத் தனியாக ஒயில் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசல்தான் அவற்றுக்கு ஒயில். மண்ணெண்ணெய் மெல்லிசு, வழுவழுப்புக் குறைவு. இரும்பும் இரும்பும் உரசும். கனடாவில் குளிருக்கு டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பார்கள் என்று பெரியப்பா ஒருக்கால் சொன்னதை அப்பா எடுத்துப் போட்டார். கலப்பார்கள்தான். டீசல் உறையாமல் இருக்க, அளவோடு, வழுவழுப்புக்கென்று வேறு மருந்தும் சேர்த்து. தம்புள்ளையில் என்னத்தைக் குளிருது?

நான் இதெல்லாம் சொல்லி முடிய அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டா. “லீற்றருக்கு எத்தனை ஓடுது எண்டு எழுதிறியள். அடுப்புக்கு எத்தனை நாள் ஓடுது எண்டு ஆர் எழுதுறது?”

அதுக்குப் பிறகு ஆரும் பேசவில்லை. அந்த ஐந்து லீற்றருக்காக அம்மா நாலு மணித்தியாலம் வெயிலில் நின்றது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் ஒருநாளும் அதைக் கொப்பியில் எழுதவில்லை. ‘அஞ்சே அஞ்சு லீற்றர்’ என்று சாப்பாட்டு நேரம் படித்ததும் நான்தான். அப்பா அந்த ஐந்தை எங்கேயிருந்தோ எடுக்கத்தான் பார்த்தார்.

ஒக்டோபரில் வண்டி காலையில் ஸ்டார்ட் வரக் கரைச்சல் கொடுத்தது. வெறும் வண்டியிலேயே கறுப்புப் புகை. புகைப் பரிசோதனைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தேறாமல் வரிப்பத்திரம் புதுப்பிக்க ஏலாது. மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனோம்.

அவர் முதலில் எயார் பில்டரைக் கழற்றித் தட்டினார். ஒரு தோட்டத்து மண்ணே கொட்டியது. பிறகு எஞ்சின் சூடாகிறதே இல்லையே என்று பார்த்து, தெர்மோஸ்டட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. எப்போதோ ஒரு தரம் எஞ்சின் சூடேறினதுக்கு ஆரோ ஒருவர் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார். எங்கட பக்கத்தில் இது சர்வசாதாரணம்: சூடேறுதா, தெர்மோஸ்டட்டைக் கழற்று. அது இல்லாவிட்டால் தண்ணி ஓயாமல் ரேடியேற்றருக்குள் ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும், டீசல் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. சூடில்லாத எஞ்சினில் டீசல் முழுசாக எரியாது, ஒயிலும் தடிப்பாகவே நிற்கும். புதுசு ஒன்று போட்டார். வண்டியில் வருசக்கணக்கில் அசையாமல் கிடந்த சூட்டு முள் நடுவுக்கு ஏறி நின்றது.

நொசில் நாலையும் சோதிக்கிற பம்பில் பூட்டிக் கையால் அடித்துக் காட்டினார். நல்ல நொசில் பூந்தூறல் மாதிரித் தூவ வேணும். எங்கட இரண்டு தூவியது, ஒன்று ஒரு பக்கமாகச் சீறியது, மற்றது சும்மா ஒழுகியது. ஒழுகுகிற சொட்டு எரிய நேரமில்லாமல் கறுப்புப் புகையாய்ப் போகும். பம்பைப் பிரித்தபோது உள்ளே கோடு கோடாய்த் தேய்ந்திருந்தது.

“மண்ணெண்ணெயாலயா?” என்று நான் கேட்டேன். அவர் பதிலை என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். கராஜில் நான் என்ன கேட்டாலும் பதில் அப்பாவுக்குத்தான் போகும். “மண்ணெண்ணெயால மட்டும் எண்டு சொல்ல ஏலாது அண்ணை. பம்பும் கிழடு. கறுப்புச் சந்தையில வாங்கின டீசலில என்ன கிடந்ததெண்டும் ஆருக்குத் தெரியும்? ஆனா அது உதவி செய்யேல்ல.”

பம்பும் நொசிலும் சேர்த்து 75,000 ரூபா. அம்மா சீட்டை முந்திக் கூறி எடுத்தா. கழிவு போக வந்தது அதுக்குச் சரியாக இருந்தது. மே தொடக்கம் மண்ணெண்ணெயில் மிச்சம் பிடித்தது என்ன என்று நான் பிறகு தனியாக இருந்து கணக்குப் பார்த்தேன். டீசல் 400க்கு மேலும் மண்ணெண்ணெய் 87 ஆகவும் இருந்த மாதங்களில் பத்துத் தரம், தரத்துக்கு ஐந்து லீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் 17,000 ரூபாவுக்குக் கிட்டத்தான் வருகிறது. 340 ஆன பிறகு ஐந்து லீற்றரில் மிச்சம் 450 ரூபா. அந்தக் கணக்கை அப்பாவுக்கு நான் காட்டவில்லை. அவருக்கு என்னைவிட முதலே தெரிந்திருக்கும்.

பம்ப் பூட்டி முதல் நடை நானும் போனேன். ஒன்றரை மணிக்கு வெளிக்கிட்டோம். மதவாச்சி தாண்ட அப்பா சொன்னார், “சத்தத்தைக் கேள் பிள்ளை.” எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. “முந்தி மேட்டுக்கு மூண்டாம் கியர் போடோணும். இப்ப நாலிலயே ஏறுது.” எஞ்சின் முனகத் தொடங்க முதலே கியரை மாற்றவும் வேணும், தேவையில்லாமல் இறக்கவும் கூடாது என்று வழி முழுக்கப் பாடம் எடுத்தார். ஆர்பிஎம் முள் இல்லாத வண்டியில் அவருக்குக் காதுதான் முள். இதை நான் எந்தக் கொப்பியில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். மிகிந்தலைப் பக்கம் வர நித்திரையாகிவிட்டேன்.

திரும்பி வந்து நிரப்பினால் 22.7 லீற்றர். லீற்றருக்குச் சரியாகப் பத்து.

“நான் முதல் நாளே சொன்னனான், பத்து எண்டு,” என்றார் அப்பா.

இரண்டு நடைக்கு 45.4, தோட்ட ஓட்டத்துக்கு நாலு. 49.4. ஐம்பதுக்குள்ளே நின்றது. அடுத்த கிழமை இரண்டு நடை ஓடினார். காந்தம் இன்னும் குழாயில்தான் கிடக்குது, கழற்ற எனக்கு மனம் வரவில்லை. வட்ஸ்அப் குழுவில் திருத்தம் போட்டேன். அதுக்குள் வாங்கிய ஒருவன் தனக்கு அது வேலை செய்கிறது என்று இன்றைக்கும் சொல்கிறான். அவனிடம் கொப்பி இல்லை.

2023 செப்டெம்பர் முதலாம் திகதி கோட்டா முறையை எடுத்துவிட்டார்கள். நான் கம்பசுக்குத் திரும்பிவிட்டேன். கொப்பியை அப்பாவே எழுதுகிறார். பின்பக்கத்திலிருந்து அம்மாவும் எழுதத் தொடங்கியிருக்கிறா: காஸ் பூட்டின திகதி, முடிந்த திகதி, நடுவில் எத்தனை நாள்.

போன முறை வீட்டுக்குப் போனபோது முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 10.1, 9.9, 10. பிறகு மூன்று கிழமையாக 9.3, 9.2, 9.3. காற்றைப் பார்த்தேன், 45 சரியாக இருந்தது. பின் சில்லு சுடவில்லை. புகையும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன், அப்பா இப்ப எத்தனை மணிக்கு எழும்புறவர் என்று.

“ரெண்டு மணிக்கு,” என்றா அம்மா. “முந்தின மாதிரி ஒண்டரைக்கு எழும்ப ஏலாதாம்.”

கொப்பியை மூடி முன் சீற்றில் வைத்துவிட்டு வந்தேன்.